மறு முழங்கால்

அத்தியாயம் 17

காய்ந்த படங்களை இறக்கி மூலை வெட்டுவதுதான் மீனம்மாளுக்குக் காலையில் முதல் வேலை.

எக்ஸ்ரே பிலிம் தண்ணீரில் இருக்கும்வரை விலாங்கு மாதிரி வழுக்கும். காய்ந்துவிட்டால் தகடு மாதிரி விறைத்துக்கொள்ளும். நான்கு மூலையும் கத்தி முனை. அப்படியே உறைக்குள் செருகினால் பக்கத்துப் படத்தைக் கீறிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் கொக்கியிலிருந்து எடுத்து, நான்கு மூலையையும் கத்தரியால் வளைவாக நறுக்கி, பெயர் எழுதிய உறையில் போட வேண்டும். கல்லுக்கட்டிப் பக்கம் டாக்டர் சத்தியமூர்த்தி ஆஸ்பத்திரி வைத்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் அவள் நறுக்கிய மூலைகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மரக்கால் தேறும்.

இன்று ஒரு படத்தின் மேல் கை நின்றுவிட்டது.

முத்துக்கருப்பன், வயது முப்பது. வலது முழங்கால்.

தங்கை சொக்குவின் புருஷன். அந்தக் காலை அந்தக் கதிக்கு ஆளாக்கியவன் தம்பி பூமிநாதன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது பேச்சுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். நடக்க ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. மின்சார வாரியத்தில் வேலைக்கு ஆர்டர் வந்த சந்தோஷத்தில், சின்ன அக்காளை விருந்துக்குக் கூட்டி வரப் போனான் பூமிநாதன். கோவிலூருக்கு அங்குட்டு இருக்கிறது சொக்கு வாழ்க்கைப்பட்ட வீடு. "கரண்டு மரத்துல ஏறுற வேலைக்கு விருந்து வேறயா? அதைக் குரங்கு கூடச் செய்யுமே" என்றான் மச்சான். வேடிக்கையாகத்தான் சொன்னான். பூமிநாதனுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளு. மச்சான் தடுமாறித் திரும்பி, மாட்டுக் கல்தொட்டியின் விளிம்பில் முழங்கால் குத்த விழுந்தான். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முழங்கால் பூசணிக்காயாகிவிட்டது.

முத்துக்கருப்பனின் அப்பா சேதுபதி, மகனை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்த இடம் இந்த ஆஸ்பத்திரி. படம் எடுக்க வந்து நின்றவள் மீனம்மாள்.

"படம் புடிக்கிறது அவன் அக்கா. அப்புறம் என்ன தெரியப்போகுது?" என்று வாசற்படியில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார் சேதுபதி.

அந்தச் சொல் சுட்டுவிட்டது. படத்தை அழியாமல் நிறுத்தும் ஹைப்போ மருந்துத் தொட்டியிலிருந்து எடுத்த படத்தில் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போதே, டாக்டர் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்கு முன்னாலேயே, அவளே முந்திக்கொண்டு சொன்னாள்: "சில்லு உடைஞ்சிருக்கு சார்."

தம்பிக்காக மறைத்தாள் என்று இனி யாரும் சொல்ல முடியாது அல்லவா?

டாக்டரும் பார்த்தார். முழங்கால் சில்லின் மேல் மூலையில் ஒரு கறுப்புக் கோடு. "ஆமாம், அப்படித்தான் தெரியுது" என்றார். சீட்டில் குறித்துக்கொண்டார்.

எலும்பு முறியாதவரை அது மாமன் மச்சான் அடிதடி. முறிந்துவிட்டால் சட்டத்தில் அதற்குக் கொடுங்காயம் என்று பெயர். ஏழு வருஷம் வரை உள்ளே தள்ளலாம். இதை யாரோ சேதுபதி காதில் போட்டுவிட்டார்கள். இன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் சர்டிபிகேட் எழுதிக் கையெழுத்துப் போடுவார். "அந்தப் படத்தோட நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன்" என்று பெரியவர் சொல்லிவிட்டார். பூமிநாதன் வேலையில் சேர வேண்டியது அடுத்த திங்கள்கிழமை. கேஸ் உள்ளவனை எந்த ஆபீஸ் சேர்க்கும்? அது போக, சொக்கு இனிமேல் பிறந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்றும் உத்தரவாகிவிட்டது.

மீனம்மாள் பெருமூச்சுவிட்டுக் கத்தரியை எடுத்தாள். ஒரு மூலை. இரண்டு. மூன்று. நாலாவது மூலையை நறுக்கிவிட்டு, வளைவு சரியாக வந்திருக்கிறதா என்று படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

நறுக்கிய மூலை மழமழவென்று இருந்தது. அதற்கு நாலு விரல் கீழே, சில்லின் மூலையில் ஒட்டாமல் நின்ற அந்தச் சின்னத் துண்டும் அப்படியேதான் இருந்தது.

முனையே இல்லை. யாரோ நறுக்கி வளைத்த மாதிரி.

உடைந்த எலும்பின் ஓரம் இப்படி இருக்காது. ரம்பப் பல்லாக, கூராக இருக்கும். இந்தப் பக்கத்து மேடு அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் பொருந்தும். இங்கே இரண்டு ஓரமும் வழவழப்பு. இரண்டையும் சுற்றி மெல்லிய வெள்ளைக் கரை. ஈரப் படத்தில் தண்ணீர்ப் பூச்சுக்கு அடியில் அந்தக் கரை தெரிந்திருக்காது.

தெரிந்திருக்காதா? இல்லை, பார்க்கிற பொறுமை அன்றைக்கு அவளுக்கு இருக்கவில்லை.

*

"சார், ஞாயித்துக்கிழமை நான் சொன்னது தப்பு."

ஒன்பது மணிக்கு வந்த டாக்டர், பையைக் கூட வைக்கவில்லை. "எதும்மா?"

"அந்தச் சில்லு. அது உடையலை சார். பிறவியிலேயே ரெண்டா இருந்திருக்குன்னு நினைக்கிறேன். மதுரையில படிக்கிறப்ப இப்படி ஒரு படம் காட்டியிருக்காங்க."

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். கிட்டப் போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார்.

"ஓரம் மழுங்கித்தான் இருக்கு. சுத்திக் கரையும் இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும்தானே பார்த்தேன்? நீங்க மட்டும் சுமக்காதீங்க. ஆனா ஒண்ணும்மா. நினைக்கிறதை வச்சு நான் சர்டிபிகேட் எழுத முடியாது. தள்ளினவன் உங்க தம்பி. ஞாயித்துக்கிழமை உடைஞ்ச எலும்பு செவ்வாய்க்கிழமை எப்படி ஒட்டுச்சுன்னு ஒரு வக்கீல் கேட்டா நான் என்ன சொல்றது?"

"மறு காலையும் எடுத்துப் பார்த்தா?"

டாக்டர் சிரித்தார். "அதைத்தான் நானும் சொல்ல வாயெடுத்தேன். அடிபடாத காலிலும் அதே மூலையில அதே துண்டு இருந்தா, அது பிறவி. பேச்சுக்கே இடமில்லை."

"இல்லேன்னா சார்?"

"பாதிப் பேருக்கு ஒரு காலில் மட்டும்தான் இருக்கும். இல்லேன்னா எதையும் நிரூபிக்க முடியாது." சீட்டுக் கிழித்து எழுதினார். "ஒரே ஒரு பிலிம்தான் மிச்சம். மதுரையிலிருந்து பெட்டி இன்னும் வரலை. நாலு மணின்னு பெரியவருக்கு வார்த்தை கொடுத்திருக்கேன். அதுக்குள்ள அந்தக் காலைக் கொண்டு வாங்க."

*

காலைக் கொண்டு வருவது அவ்வளவு லேசா?

சேதுபதி வீட்டு முற்றத்தில் விதைக் கடலை குவிந்து கிடந்தது. பெரியவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காயாகக் கட்டைவிரலால் நசுக்கிப் பருப்பு எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே சொக்கு. கயிற்றுக் கட்டிலில், முழங்காலில் சுற்றிய துணியோடு முத்துக்கருப்பன்.

அக்காளைப் பார்த்ததும் சொக்கு எழுந்தாள். மாமனார் தலை நிமிர்ந்தது. சொக்கு உட்கார்ந்துகொண்டாள்.

"வாத்தா மீனம்மா. தம்பிக்கு வக்காலத்து வாங்க வந்தியா?"

"இல்லை மாமா. மாப்பிள்ளையோட இன்னொரு காலைக் கேட்டு வாங்கிட்டுப் போக வந்தேன்."

கட்டிலில் படுத்திருந்த முத்துக்கருப்பன் சிரித்துவிட்டான். "ஒரு காலை உங்க தம்பி எடுத்துக்கிட்டான். மிச்சத்தை நீங்க கேக்குறீகளா மதினி? என்னைய மரக்கால்ல விடாம ஓய மாட்டீக போல."

"சிரிக்காதடா!" என்றார் சேதுபதி. "ஏத்தா, நல்ல காலுக்கு எதுக்குப் படம்?"

மீனம்மாள் கடலைக் குவியலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். நல்ல காலில் ஒன்றும் இல்லை, கெட்ட காலில்தான் விஷயம் என்று நினைக்கிற மனுஷருக்கு, பார்க்கிறதே ஒப்பிட்டுத்தான் என்பதை எப்படிச் சொல்வது? கைக்கு ஒரு காய் அகப்பட்டது. நசுக்கினாள். உள்ளே இரண்டு பருப்பு, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு.

"இது என்ன மாமா?"

"கடலை. கண்ணு தெரியலையா?"

"ஒண்ணு உடைஞ்சு ரெண்டாச்சா?"

"கிறுக்கச்சியா நீ? ரெண்டுமே தனிப் பருப்பு. உடைஞ்சிருந்தா உள்ள வெள்ளை தெரியும். இந்தா பாரு, ஒட்டிக்கிட்டிருந்த பக்கத்துலயும் தொலி இருக்குல்ல?"

"அப்ப, தொலி சுத்தியும் இருந்தா உடையலைன்னு அர்த்தம்."

"பச்சப்புள்ளைக்குக் கூடத் தெரியும்."

"எலும்புக்கும் தொலி மாதிரி ஒரு கரை உண்டு மாமா. படத்துல வெள்ளைக் கோடாத் தெரியும். உடைஞ்ச இடத்துல அது இருக்காது. மாப்பிள்ளை சில்லுல அந்தத் துண்டைச் சுத்தியும் கரை இருக்கு. அன்னைக்கு ஈரப் படத்தைப் பார்த்துட்டு அவசரப்பட்டுச் சொன்னேன். தப்பு என்னோடது."

சேதுபதியின் கட்டைவிரல் நின்றது.

"பொறக்கும்போது முழங்கால் சில்லு எலும்பே கிடையாது, வெறும் குருத்து" என்று மீனம்மாள் தொடர்ந்தாள். எப்படி ஆகிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால் அவளுக்குக் குரலே மாறிவிடும். "மூணு நாலு வயசுல நடுவுல ஒரு புள்ளி எலும்பா இறுகும். அது பரவிப் பரவித்தான் முழுச் சில்லும் எலும்பாகுது. சிலருக்கு மேல் மூலையில இன்னொரு புள்ளி தனியா இறுகிரும். ரெண்டும் ஒட்டிட்டா ஒரு சில்லு. ஒட்டாட்டி, ஒரு பெரிய சில்லும் ஒரு குட்டிச் சில்லும். நடக்கலாம், ஓடலாம், உழலாம். ஆயுசுக்கும் தெரியாது. வேற எதுக்காச்சும் படம் புடிச்சாத்தான் தெரியும்."

"எம்மகன் அப்புடிப் பொறந்தவன்ங்கிற?"

"அப்படின்னா மறு காலிலும் இருக்க வாய்ப்பு உண்டு. இருந்தா டாக்டர் எழுதிருவாக. இல்லாட்டி நீங்க சொன்னபடி ஸ்டேஷனுக்குப் போங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

பெரியவர் இரண்டு பருப்பையும் உள்ளங்கையில் உருட்டினார். உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணைச் சுருக்கினார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா நல்ல காலைப் புடிச்சுட்டு, இதுதான் அடிபட்ட காலுன்னு மாத்தி வச்சா? இருட்டு ரூமுக்குள்ள நீ என்ன செய்யறேன்னு எவன் கண்டான்?"

"மாமா!" என்றாள் சொக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் மாமனாரிடம் வாய் திறந்தது அப்போதுதான்.

மீனம்மாளுக்கும் முகம் சிவந்தது. ஆனால் இந்தச் சூட்டில்தான் அன்றைக்கு அவசரப்பட்டாள். இன்றைக்குப் படக் கூடாது. சுற்றிலும் பார்த்தாள். பெரியவர் அரைஞாணில் ஒரு சாண் நீளத்துக்குத் தானிய அறைச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தச் சாவியைக் கொண்டு வாங்க மாமா."

"இது எதுக்கு?"

"எக்ஸ்ரே சதைக்குள்ள போகும், எலும்புக்குள்ள கொஞ்சம் திணறும், இரும்புக்குள்ள போகவே போகாது. அதனால இரும்பு அச்சு அசலா வெள்ளையா விழும். ரெண்டு முழங்காலையும் சேர்த்து ஒரே பிலிம்ல எடுக்கிறேன். அடிபட்ட கால் பக்கத்துல உங்க கையாலேயே சாவியை வைங்க. படத்துல சாவி எந்தப் பக்கமோ, அது அடிபட்ட கால். அப்புறம் நான் மாத்த முடியாது."

"வேற சாவிய நீ வச்சுட்டா?"

"உங்க சாவி உங்களுக்குத் தெரியாதா?"

சேதுபதி சாவியின் முனையைத் தடவினார். மூன்று பல்லில் நடுப்பல் பாதி ஒடிந்தது. அந்த ஒடிசல் இந்த ஜில்லாவில் வேறு எந்தச் சாவிக்கும் கிடையாது.

எழுந்து வேட்டியில் ஒட்டிய தொலியைத் தட்டினார்.

"சொக்கு, வண்டியில வைக்கோலை மெத்துனு பரப்பு. புள்ளைக்குக் கால் குலுங்கப்படாது."

*

வண்டியில் பெரியவர் முன்னால் உட்கார்ந்து மாட்டை ஓட்ட, பின்னால் வைக்கோலில் கால் நீட்டிப் படுத்திருந்த முத்துக்கருப்பன் குரலைத் தாழ்த்தினான்.

"மதினி, அவன் சும்மாத் தள்ளல. அன்னைக்கு நான் பேசின பேச்சு அப்புடி. அவன் ஆர்டரை மடிச்சு நெஞ்சுக்கிட்ட வச்சுக்கிட்டு வந்தான். அதைப் பார்த்துட்டே பேசினேன்."

"இதை உங்க அப்பாக்கிட்டச் சொல்றதுதானே?" என்று கிசுகிசுத்தாள் சொக்கு.

"சொன்னேனே. 'கால் ஒடைஞ்சவனுக்குப் புத்தியும் ஒடைஞ்சுபோச்சு'ங்கிறாரு."

"எனக்குக் காது கேக்கும்" என்றார் முன்னாலிருந்து சேதுபதி.

ஆஸ்பத்திரி வந்து சேரும்போது மணி இரண்டரை. டாக்டர் பிரசவ அறையில் இருந்தார்.

"மாப்பிள்ளை, குப்புறப் படுங்க."

"ஆத்தாடி! அன்னைக்கு மல்லாக்கத்தானே படுக்க வச்சீக?"

"அன்னைக்கு வலி தாங்க மாட்டீகன்னு மல்லாக்க எடுத்தேன். சுவத்துக்கிட்டக் கையைக் கொண்டுபோனா நிழல் எப்படி விழுது? கூர்மையா. தள்ளிப்போனா மங்குது. எக்ஸ்ரேயும் நிழல்தான். சில்லு முன்னால இருக்கு. குப்புறப் படுத்தா அது பிலிமை ஒட்டி வரும், ஓரம் துல்லியமாத் தெரியும். கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோங்க."

முத்துக்கருப்பன் பல்லைக் கடித்தான். பெண்டாட்டியின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பிலிம் வைத்த தட்டைப் பெட்டி முழங்கால்களுக்கு அடியில் போயிற்று. சேதுபதி சாவியை அவிழ்த்து, பூவைச் சாமிக்கு வைப்பது போல, வலது முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். கொஞ்சம் திருப்பி வைத்தார்.

"எல்லாரும் வெளியில போங்க."

"சாவி உள்ள இருக்கு. நான் எதுக்குப் போகணும்?"

"சாவியை எக்ஸ்ரே ஒண்ணும் பண்ணாது மாமா. உங்களைப் பண்ணும்."

பெரியவர் வெளியே போனார். இயந்திரம் ஒரு நொடி உறுமி அடங்கியது.

படம் கழுவி எடுக்க நேரமாகும். சொக்கு வாசலில் நின்று செக்காலைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து நிமிஷ நடையில் பிறந்த வீடு. அம்மாவும் பூமிநாதனும் அங்கேதான் இருப்பார்கள்.

"மாமா, அவனைக் கூட்டிட்டு வரட்டா? படத்தை அவனும் பாக்கட்டும்."

சேதுபதி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "ரோடு முனிசிபாலிட்டி ரோடு. அதுல யார் போனாலும் நான் ஏன் கேக்கப்போறேன்?"

சொக்கு செருப்பைக் கூடப் போடாமல் ஓடினாள்.

*

இருட்டறையில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். டெவலப்பர் மருந்தில் பிலிமை இறக்கி, மீனம்மாள் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது சாவி. சுற்றியிருந்த பால் நிறம் மெல்லக் கறுக்கக் கறுக்க, அது மட்டும் வெளுப்பாக நின்றது. ஒடிந்த நடுப்பல் உட்பட. பிறகு தொடை எலும்பு, இரண்டு பக்கமும் தூண் மாதிரி. அதன் மேல் நிழலாக இரண்டு வட்டம்.

இடது வட்டத்தின் மேல் மூலையில் ஏதோ இருக்கிறதா? அல்லது அவளுடைய ஆசை அங்கே போய் உட்கார்ந்திருக்கிறதா?

பார்வையைத் திருப்பிக்கொண்டாள். சிவப்பு வெளிச்சத்தில் தெரிவது எல்லாம் மெய்யில்லை. அலசினாள். ஹைப்போவில் போட்டாள். ஓடுகிற தண்ணீரில் கழுவினாள். ஒவ்வொன்றுக்கும் உரிய நேரத்தைக் கொடுத்தாள். ஒரு நிமிஷத்தைக் கூடத் திருடவில்லை.

படத்தோடு வெளியே வந்ததும் சேதுபதி வழிமறித்தார். "என்னத்தா, இருக்கா இல்லையா?"

"காயட்டும் மாமா."

"அன்னைக்கு மட்டும் சொட்டச் சொட்டச் சொன்ன?"

"அதனாலதான் இன்னைக்குக் காயட்டும்ங்கிறேன்."

மேஜை விசிறிக்கு எதிரே படம் ஆடியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றே முக்காலுக்கு டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். படத்தை வாங்கி விளக்குப் பெட்டியில் மாட்டினார். பார்த்தார். நகர்ந்து, பெரியவருக்கு இடம் விட்டார்.

"நீங்களே பாருங்க."

சேதுபதி முதலில் தேடியது சாவியை. "எஞ்சாவிதான்" என்றார். "நடுப்பல் ஒடிசல். இது வலது காலு." விரல் கண்ணாடிக்கு ஒரு இஞ்சு தள்ளியே நகர்ந்தது. "இந்தா மூலையில ஒரு பருப்பு. சுத்தித் தொலி இருக்கு."

விரல் மறு காலுக்கு நகர்ந்தது. நின்றது.

"ஆத்தா" என்றார் பெரியவர். "இங்கயும் ஒரு பருப்பு இருக்கே."

இருந்தது. இடது சில்லின் மேல் வெளி மூலையில், கண்ணாடியில் பார்த்த பிம்பம் போல, அதே அளவில், அதே வளைவில், அதே வெள்ளைக் கரையோடு.

"முறிவு இல்லை" என்றார் டாக்டர். "அடியில ரத்தம் கட்டி நீர் கோத்திருக்கு, அவ்வளவுதான். மூணு வாரம் காலுக்கு ஓய்வு. இது சில குடும்பத்தில் வழிவழியா வரும். உங்களுக்கே இருந்தாலும் ஆச்சரியமில்லை."

சேதுபதி குனிந்து தன் முழங்காலைத் தடவிப் பார்த்தார். "அப்ப இது எங்க வம்சத்துச் சில்லா?" நிமிர்ந்தபோது தோள் கொஞ்சம் அகலமாகியிருந்தது. "நானும் நினைச்சேன். எங்க அப்பாரு எழுபது வயசுல பனை ஏறுவாரு."

"அப்பா, இதுக்கெல்லாமா பெருமை?" என்றான் முத்துக்கருப்பன்.

"சும்மா இருடா. உனக்கென்ன தெரியும் எலும்பைப் பத்தி?" மீனம்மாள் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வந்தவர், மடியிலிருந்து எதையோ எடுத்து அவள் கையில் வைத்தார். காலையில் உருட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு கடலைப் பருப்பு. "கேசு கீசு ஒண்ணும் கெடையாதுத்தா. உந்தம்பிய வரச்சொல்லு. நாலு வார்த்தை வையணும் அவனை. வஞ்சிட்டு, வண்டியில ஏத்திக்கிட்டுப் போய்ச் சோறு போட்டு அனுப்புறேன்."

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் சொக்கு வந்தாள். தனியாக வந்தாள். தலைமுடி அவிழ்ந்து முதுகில் கிடந்தது. கையில் மடித்த காகிதம் இரண்டு.

"அக்கா, அவன் இல்லை. குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு மூணு மணிக்கே கிளம்பிட்டானாம். எங்கன்னு அம்மாட்டச் சொல்லலையாம். சாமி படத்துக்குக் கீழ இது இருந்துச்சு."

ஒன்று மின்சார வாரிய ஆர்டர். இன்னொன்று நோட்டில் கிழித்த தாள். மீனம்மாள் வாய்விட்டுப் படித்தாள்.

'அக்கா, உன் வாயில் பொய் வராது என்று எனக்குத் தெரியும். எனக்காக வரவும் வேண்டாம். போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்து கூட்டிப்போனால் அம்மா தாங்க மாட்டாள். அதனால் நானே ஸ்டேஷனுக்குப் போய், மச்சான் கால் எலும்பை உடைத்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிடு. மச்சானிடம் சொல், அவர் குரங்கு என்றது கூடப் பரவாயில்லை. சின்ன அக்காளை மட்டும் வீட்டுக்கு விடச் சொல்.'

படித்து முடித்தபோது முத்துக்கருப்பன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்றிருந்தான்.

"உடையாத எலும்பை உடைச்சேன்னு எழுதிக் குடுத்துட்டா," என்றார் சேதுபதி மெதுவாக, "அப்புறம் அதை யாரு அழிக்கிறது?"

"அதைத்தான் மாமா நானும் யோசிக்கிறேன்."

"யோசிச்சா ஆச்சா?" பெரியவர் கையை நீட்டி விளக்குப் பெட்டியிலிருந்து படத்தை உருவினார்.

"மாமா, மூலை வெட்டலை. கையைக் கிழிச்சிரும்."

"கிழிக்கட்டும். மூணு நாளாப் படத்தோட ஸ்டேஷனுக்குப் போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்ல? வாங்க, போவோம். டாக்டரே, அந்தச் சீட்டுல சட்டுனு கையெழுத்தப் போடுங்க."

வண்டி கல்லுக்கட்டியைத் தாண்டியது. மீனம்மாள் படத்தை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். சாய்ந்த வெயில் அதற்குள் புகுந்தது. இரண்டு முழங்காலும் ஒரு சாவியும் சொக்குவின் முகத்தில் நிழலாக ஆடின.

"எழுதிக்கிட்டிருப்பானோ, எழுதியே முடிச்சிருப்பானோ" என்று முனகினாள் சொக்கு.

"ஏத்தா," என்று முன்னாலிருந்து குரல் வந்தது, "உந்தம்பி எழுத்து எப்புடி?"

"முத்து முத்தா இருக்கும் மாமா. ரொம்ப மெதுவாத்தான் எழுதுவான்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, சேதுபதி மாட்டின் வாலை முறுக்கினார்.